காலி இடம் விடாத மணிவேல்

திருவண்ணாமலையில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேருடைய முகத்தை மணிவேல் துடைத்துவிட்டிருக்கிறார். எல்லாம் மவுசால்தான். மாப்பிள்ளையின் பருவை எடுப்பது, மாமியாரின் கண்ணுக்குக் கீழே கருவளையத்தைக் கரைப்பது, பந்தியில் வாயைத் திறந்தபடி மாட்டிக்கொண்ட சித்தப்பாவைப் படத்தைவிட்டே தூக்குவது என்று எல்லாமே அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. தெருவில் பார்த்தால் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது. அவருக்கு எல்லோரையும் தெரியும். பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் தாடையில் மச்சம் இருப்பதும், அவள் கல்யாண ஆல்பத்தில் அது இல்லாததும் அவருக்குத்தான் தெரியும்.

அவர் வேலை செய்கிற பாலாஜியின் ஸ்டூடியோ தேரடிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. முன்னால் கவுன்ட்டர், நடுவில் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிற அறை, அதற்கும் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு பெட்டி. கம்ப்யூட்டர், ஏசி, ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருஷமாக மணிவேல் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறார். முன்பு அங்கே ஜன்னல் இருந்தது. ஸ்கிரீனில் வெயில் அடிக்கிறது, கலர் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, பாலாஜியின் அப்பா காலத்தில் செங்கல் வைத்து அதை அடைக்கச் சொன்னவரே மணிவேல்தான். கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

கீழ்பென்னாத்தூரில் வீடு. காலையில் எட்டேகால் பஸ், முகூர்த்த மாசத்தில் ராத்திரி கடைசி பஸ். மனைவி சரோஜா, பதினோராம் வகுப்புப் படிக்கிற மகள் ஓவியா. மணிவேலுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. அவரைச் சுமாரான மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய தொழிலில் அவர் கெட்டிக்காரர். இரண்டு விஷயத்தில் ஜில்லாவிலேயே அவருக்கு நிகர் கிடையாது.

முதல் விஷயம், காலி இடம் விடமாட்டார். ஆல்பத்தில் ஒரு விரல்கடை வெற்றிடம் தெரிந்தாலும் அவருக்குக் கை நமநமக்கும். உடனே ஒரு ரோஜா, ஒரு இதயம், இரண்டு அன்னப்பறவை, மணப்பெண்ணின் இன்னொரு போஸ் மங்கலாக. "பார்ட்டி காசு குடுக்கிறது காலி எடத்துக்கா?" என்பார்.

இரண்டாவது விஷயம், வராத ஆளைச் சேர்ப்பது. துபாயில் இருக்கிற புருஷனைக் கிரகப்பிரவேசப் படத்தில் பால் பொங்குகிற அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவார். எட்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அப்பாவை மகளின் தாரை வார்க்கிற மேடையில் கொண்டுவந்து வைப்பார். மற்ற கடைகளில் சேர்த்தால் ஒட்டவைத்த ஸ்டாம்பு போலத் தெரியும். மணிவேல் முதலில் நிழலைத்தான் பார்ப்பார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, காலடியில் எவ்வளவு. "மூஞ்சி பொய் சொல்லும். நெழலு சொல்லாது. அதான் காட்டிக்குடுக்கும்," என்பார். நிழல் பொருந்துகிற படம் கிடைக்கிறவரைக்கும் பார்ட்டியை விடமாட்டார், வீட்டுக்குப் போய்ப் பரணைத் தேடச் சொல்வார்.

போன ஆவணி மாசம் ஆராயி அம்மா அந்தக் கடைக்கு வந்தார்.

வேங்கிக்காலில் சொந்த வீடு, வயது அறுபத்திரண்டு. அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் நேரம் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார். பருத்திப் புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. கடை வாசலில் ஏறியவர் உள்ளே வராமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். திருஷ்டிக்காக அங்கே ஒரு ஆகாசக் கருடன் கிழங்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் காற்றிலேயே அது இரண்டு கொடியைத் துளிர்த்திருந்தது. ஆராயி அம்மா போனை எடுத்து நாலு படம் பிடித்தார். கவுன்ட்டரில் இருந்த கவிநிலா, கண் பட்டுவிடக் கூடாதென்று கட்டிய கிழங்கையே ஒருத்தர் இப்படிப் பார்க்கிறாரே என்று முழித்தாள்.

ஆராயி அம்மா ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். அறுபது படம். ஆல்பம் போட வேண்டும். என்ன விசேஷம் என்று கவிநிலா கேட்டாள். "நான் ஊர் சுத்துனது," என்றார் ஆராயி அம்மா.

இருபத்தெட்டு வருஷம் ஃபைல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, எதிரே பீரோ, பின்னால் பீரோ என்று பார்த்துப் பார்த்து, கண்ணுக்கு எட்டினவரை ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு வெறியே பிடித்திருந்தது. ரிட்டயர் ஆன மறுமாசம் ராஜஸ்தான் போனார். அடுத்த வருஷம் ஒரு குழுவோடு ஆப்பிரிக்காவில் நமீபியா. பிறகு அமெரிக்காவில் தம்பி மகன் வீட்டுக்குப் போனவர், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டு வராமல், அவனை நச்சரித்து அரிசோனா பாலைவனத்துக்குக் காரை விடச் சொல்லியிருக்கிறார். எல்லாம் போனில் பிடித்த படங்கள். கோயில் கிடையாது, கோபுரம் கிடையாது, குடும்பம் கிடையாது. மண்ணும் வானமும், நடுவில் எங்கோ ஒரு செடி.

மணிவேல் அந்த அறுபது படங்களையும் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். முக்கால் பங்கு காலி. பாவம், வயசான அம்மா, போனில் படம் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்தார். பரிதாபப்பட்டு மூன்று நாள் உட்கார்ந்து உழைத்தார். வானத்தை வெட்டினார். மணலை வெட்டினார். கை தூக்கி நிற்கிற ராட்சதக் கள்ளிக்கு ரோஜாப்பூ பார்டர் போட்டார். எல்லாப் படத்திலும் தம்மாத்தூண்டாக நின்ற ஆராயி அம்மாவைப் பெரிதாக்கி நடுவில் கொண்டுவந்தார். நமீபியா படம் ஒன்றில் அவருக்கு முன்னால் தரையில், பந்தி முடிந்து வாரிக்கொட்டிய கிழிந்த இலை போல ஒரு குவியல் கிடந்தது. இவ்வளவு தூரம் போய்க் குப்பைக்குப் பக்கத்திலா படம் எடுப்பது என்று அதைச் சுத்தமாகத் துடைத்து, மணலைப் பரப்பி, மேலே ஒரு இதயத்தையும் வைத்தார்.

ஆராயி அம்மா ஆல்பத்தைப் பார்க்க வந்த அன்று அந்தப் பெட்டிக்குள் ஏசி சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நமீபியா படத்தில் நின்றுவிட்டார்.

"இதுல ஒரு செடி இருந்துச்சே. எங்கப்பா?"

"செடிங்களா? செடி இல்லீங்களே மேடம். குப்பை மாதிரி ஒண்ணு கெடந்துச்சி. அத எடுத்துட்டேன். க்ளீனா இருக்கு பாருங்க."

"எடுத்துட்டியா?"

"ஒரு சொட்டு கூடத் தெரியாதுங்க. அவ்ளோ நீட்டா எடுத்திருக்கேன்."

ஆராயி அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது சிரிப்பில் வந்த நீர் மட்டும் இல்லை என்று புரிந்தபோது மணிவேல் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"அந்தக் குப்பையப் பாக்கத்தான் ரெண்டு பிளேன் மாறி, ஆறு மணி நேரம் ஜீப்புல குலுங்கிப் போனேன். வெல்விட்சியான்னு பேரு. பொறந்ததுலேர்ந்து ரெண்டே எலதான் அதுக்கு. உதிராது, புதுசா மொளைக்காது. அந்த ரெண்டுமே வளந்துக்கினே இருக்கும். காத்து அடிச்சி அடிச்சிக் கிழிஞ்சி நார் நாராப் பூடும், பாக்கறவனுக்குக் குப்பைன்னு தோணும். ஆயிரம் வருஷம் உசுரோட இருக்கும்பா. ஒரே எடத்துல. நவுராம."

இத்தனை வருஷத்தில் மணிவேல் எத்தனையோ பேரைப் படத்திலிருந்து எடுத்திருக்கிறார், ஒருவரைக்கூட நினைத்து வருத்தப்பட்டதில்லை. அந்தச் செடிக்காக வருத்தப்பட்டார். "மன்னிச்சிக்கங்கம்மா. ஃபுல்லா மாத்திப் போட்டுத் தரேன்," என்றார். மேடம் அம்மாவாகிவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"நீ தனியாப் போடாத. நானும் உக்காந்துக்கறேன்," என்று ஆராயி அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த பத்து நாள், மதியம் இரண்டு மணிக்கு அவர் வந்துவிடுவார். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இன்னா மணி, இந்த ரூமுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லியா?"

"இருந்துச்சிங்க," என்று மட்டும் சொன்னார் மணிவேல். அடைத்தது யார் என்று சொல்லவில்லை.

வேலை தலைகீழாகிவிட்டது. வெட்டக் கூடாது, பெரிதாக்கக் கூடாது, பூ கூடாது. ஒரு பக்கம் முழுக்க வெறும் மணல், ஓரத்தில் ஒரு மரம். முதல் நாள் மணிவேலுக்கு மவுஸைப் பிடித்த கை தானாகப் போய் ரோஜாவில் நின்றது. ஆராயி அம்மா ஸ்கேலால் தட்டாத குறை. பிறகு கை அடங்கியது. கை அடங்கியதும் கண் பார்க்க ஆரம்பித்தது. கிளையைக் குடைந்து அம்பு வைக்கிற தூணி செய்வார்களாமே, அந்தக் குடை விரித்த மரத்தைப் பார்த்தார். கள்ளி ஒன்றைக் காட்டி, இதற்கு முதல் கை முளைக்கவே எழுபது வருஷம் ஆகும் என்று ஆராயி அம்மா சொன்னபோது, எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். ஸ்கிரீனுக்குப் பக்கத்தில்தான், வேறெங்கே போவது.

"அங்க சத்தம் எப்படிங்கம்மா இருக்கும்?"

"சத்தமே இருக்காது. உன் காதுக்குள்ள ரத்தம் ஓடறது உனக்கே கேக்கும்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நமீபியாவைப் பார்த்தபடியே சாப்பிட்டார் மணிவேல். கம்ப்யூட்டர் முகப்பில் இருந்த அண்ணாமலையார் படத்தைப் பிரின்ட் எடுத்துக் கடையின் சுவாமி மாடத்தில் வைத்துவிட்டு அந்த மணலை வைத்தார். ஒரு வாரத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. போக வேண்டும். அப்படி ஒரு இடத்தில் ஒரே ஒரு தடவை போய் நிற்க வேண்டும். சாகிறதுக்குள் என்று சேர்த்துக்கொண்டார். இந்த ஆசை இருபது வயதில் வந்திருந்தால் சுலபமாகக் கரைந்திருக்கும். நாற்பத்தேழில் வந்தது, உட்கார்ந்துகொண்டது.

ஆராயி அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தை மாசம் குஜராத்ல கட்ச் போறோம். வெள்ளை வெளேர்னு உப்புப் பாலைவனம். என்னை மாதிரி ரிட்டயர் ஆன கேசுங்க பதினோரு பேரு. போட்டோ எடுக்க ஒரு ஆள் வேணும். உன் டிக்கெட்டு எங்களோடது. ஒம்பது நாள். வர்றியா மணி? கடைசிப் பக்கத்த அதுக்குன்னு விட்டுவை, ஆல்பத்த வந்து முடிச்சிக்கலாம்."

மணிவேல் யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை, தை மாசம் முகூர்த்தம், பாலாஜி விடமாட்டார் என்று அவருக்கே தெரியும். பாலாஜி முப்பத்தெட்டு வயசுக்காரர், கோபக்காரர். ஆனால் அவர், "ஒம்பது நாள்தானண்ணா? ஒரு நாள் லீவு கேட்டதில்ல நீங்க. டிசைன வெளிய குடுத்துப் பாத்துக்கறேன், போய்ட்டு வாங்க," என்றுவிட்டார்.

சரி, வீட்டில் விடமாட்டார்கள் என்று மணிவேல் நம்பினார். சரோஜா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "போங்களேன். எங்களுக்கு இன்னா, இங்கதான இருக்கப் போறோம்," என்றாள். ஓவியா மறுநாளே ஒரு தொப்பி வாங்கிவந்தாள். அவர் தயாராக வைத்திருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயின. சந்தோஷமாக இருந்தது. ராத்திரியில் தூக்கம் வராமலும் போனது. அது பயணப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டார்.

கிளம்ப வேண்டிய நாள் வந்தது. பதினொரு மணிக்கு வேங்கிக்காலில் வேன், அங்கிருந்து சென்னை விமான நிலையம். மணிவேல் காலை ஒன்பது மணிக்குப் பையோடு கடைக்கு வந்தார். பாஸ்வேர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம்தான் வேங்கிக்கால். பாலாஜி ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். கடையில் கவிநிலா மட்டும்.

ஒன்பதரைக்குத் திருமலை என்று ஒருவர் சட்டைப் பித்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தார். விடியற்காலை அவருடைய அப்பா இறந்துவிட்டார். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். வைத்துக் கும்பிடப் படம் வேண்டும், அஞ்சலி பேனருக்கும் வேண்டும். இருப்பதெல்லாம் வாக்காளர் அடையாள அட்டை ஒன்றுதான். அதில் இருந்த முகம் புகையாக இருந்தது.

இந்த வேலையை ஊரில் வேறு யாரால் செய்ய முடியும்? மணிவேல் பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். போனைச் சைலண்டில் போட்டு கீபோர்டுக்கு அடியில் வைத்தார், அது அவருடைய வழக்கம். கண்ணை வரைந்தார். புருவத்தை முடி முடியாக நட்டார். திருமலையைப் பக்கத்தில் நிறுத்தி, "ஒதடு உங்கள மாதிரியா, தடிப்பா?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். பத்தரைக்கு ஒரு மனிதர் திரையில் நிமிர்ந்து பார்த்தார். திருமலை, "எப்பா," என்று கூப்பிட்டுவிட்டு விசும்பி அழுதார். ஏ4 பிரின்ட் எடுத்து ஃப்ரேம் போட்டுக் கையில் கொடுத்தாகிவிட்டது. அவர் அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடினார். பேனருக்கு அந்தப் படத்தை அப்படியே அனுப்பினால் போதும், பேர், தேதி எல்லாம் பேனர் கடைக்காரனே போட்டுக்கொள்வான்.

மணி பத்து நாற்பது.

"அண்ணா, டைம் ஆவுது," என்றாள் கவிநிலா.

"தோ, கெளம்பிட்டேன்."

கிளம்பவில்லை. அந்தப் பெரியவரின் தலையைச் சுற்றி வெள்ளையாக இடம் இருந்தது. ஒரு மேகம் போட்டார். கீழே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பின்னால் மலை இருந்தால் நன்றாக இருக்கும், மலையை வைத்தார். மலை உச்சியில் தீபம். வலது பக்கம் காலியாகத் தெரிந்தது, ஒரு புறா. புறாவுக்கு எதிரே இன்னொரு புறா. ஓரத்துக்குத் தாமரை பார்டர். தாமரையின் நிழல் சரியாக விழவில்லை என்று அதைத் திருத்தினார்.

நிமிர்ந்தபோது பதினொன்று இருபத்தைந்து.

அவரை யாரும் கட்டிப்போடவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. சாவு வீட்டு வேலை, விட முடியுமா என்று பிறகு பலரிடமும் அவர் சொன்னார், கேட்டவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் அந்த வேலை பத்து நாற்பதுக்கே முடிந்துவிட்டது. புறாவை யாரும் கேட்கவில்லை, தாமரையையும் யாரும் கேட்கவில்லை. மனுஷன் பயந்துவிட்டார். பயந்தது அவருக்கே கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏனென்றால் பதினொன்று இருபத்தைந்து என்று பார்த்தவுடன் அவருக்கு முதலில் வந்தது ஒரு பெரிய நிம்மதி. அந்த நிம்மதி அரை நிமிஷம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு வந்ததை அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கீபோர்டுக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். எடுக்காத அழைப்பு ஒன்பது. ஆராயி அம்மாவின் குரல்பதிவு இரண்டு.

"மணி, எங்கப்பா இருக்க? டிரைவர் கெளம்பலாமான்றாரு. இன்னும் அஞ்சு நிமிஷம்னு சொல்லியிருக்கேன்."

அடுத்தது சின்னதாக இருந்தது. "சரிப்பா. கெளம்பறோம்."

சாயங்காலம் அதே பையோடு அவர் கீழ்பென்னாத்தூரில் இறங்கினார். வழிக்கென்று சரோஜா கட்டிக்கொடுத்திருந்த புளிசோறு அப்படியே இருந்தது. அவள் எதுவும் கேட்காமல் மூன்று தட்டில் போட்டு வைத்தாள். ஓவியா தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினாள். பாதிச் சாப்பாட்டில் சரோஜா கேட்டாள்.

"வேன் உங்கள விட்டுட்டுப் போச்சா, நீங்க வேன விட்டுட்டீங்களா?"

மணிவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவளும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

நாலாவது நாள் கட்சிலிருந்து படங்கள் வந்து விழுந்தன. பெட்டிக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். பால் கொட்டினது போல் தரை, அதில் எங்கே பார்த்தாலும் வெடிப்பு, வெடிப்பின் மேலே வானம். உப்பிலேயே வேர்விட்ட ஒரு குட்டைச் செடி செக்கச்செவேலென்று இருந்தது. கடைசிப் படத்தில் ஆராயி அம்மா இடது ஓரத்தில் ஷூ போட்ட காலை அகட்டி நின்றார். அவருக்கு வலது பக்கம் முழுக்க வெறும் வெள்ளை. கூடவே குரல்.

"உனக்குன்னு எடம் விட்டு நிக்கிறேன் பாத்துக்க. வராத ஆள எல்லாம் சேக்கறவன் தான நீ? உன்னையும் சேத்துக்க. கடைசிப் பக்கம் இதுதான்."

கோபமாகத்தான் சொன்னார். ஆனாலும் இடம் விட்டு நின்றிருக்கிறார். மணிவேல் அந்தக் குரலை மூன்று தடவை கேட்டார்.

பிறகு வேலையில் இறங்கினார். ஆராயி அம்மாவின் நிழல் இடது பக்கம் சாய்ந்து குட்டையாக, கருப்பாக, கத்தியால் வெட்டினது போல் இருந்தது. உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் பிந்திய நேரம். அதற்குப் பொருந்துகிற மாதிரி தன் படம் ஒன்று வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைத் தேடினார். ஆயுதபூஜைப் படங்களில் இருந்தார், டியூப் லைட்டுக்குக் கீழே. கல்யாணப் படத்தில் இருந்தார், மண்டபத்துக்குள் ஃபிளாஷ் வெளிச்சத்தில். ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் இந்தக் கடைக்குள் எடுத்தவை. ஓவியாவின் முதல் பிறந்த நாள் வீட்டுக்குள். கிரிவலம் போன படங்கள் நிறைய இருந்தன, மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர், எத்தனை வருஷம். எல்லாம் பௌர்ணமி இரவு, தெருவிளக்கு வெளிச்சம். சின்ன வயசில் அப்பாவோடு கடலைக் காட்டில் நாள் முழுக்க வெயிலில் கிடந்தவர்தான், ஆனால் அந்தக் காட்டுக்குக் கேமரா எடுத்துவந்தவர் யாரும் இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பரணைத் தேடினார். பார்ட்டிகளை அவர் தேடச் சொல்வாரே, அதே மாதிரி. வெயிலில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. செத்துப்போனவர்களுக்கெல்லாம் எங்கிருந்தோ ஒரு வெயில் படம் கிடைத்திருக்கிறது. அவருக்குக் கிடைக்கவில்லை.

மாசி பிறந்து ஆராயி அம்மா கடைக்கு வந்தார். முகம் கறுத்துப்போய், உதடு வெடித்து, பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். வராமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பெட்டிக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். இடது ஓரத்தில் அவர், மற்றதெல்லாம் வெள்ளை.

"ஏன், சேக்கலியா?"

"படம் இல்லீங்கம்மா."

"இன்னா படம் இல்ல? உன் படமேவா இல்ல?"

"வெயில்ல எடுத்தது ஒண்ணுகூட இல்ல. டியூப் லைட்டு மூஞ்சிய அங்க வெச்சா ஒட்டாது." கொஞ்சம் நிறுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கி வேலை முடிஞ்சிதான் இருந்துச்சி. பயமாப் பூடுச்சிங்கம்மா."

ஆராயி அம்மா அவரையே பார்த்தார். ஸ்ட்ராங்காக ஏதாவது சொல்வார் என்று கவுன்ட்டரில் கவிநிலா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து மணிவேலின் முழங்கையைப் பிடித்தார். "வா வெளிய."

மணி ஒன்றரை. சந்தில் வெயில் தகதகத்தது. வாசலில் இருந்த தகரக் கூரையின் நிழல் படிக்கட்டோடு முடிந்தது. மேலே ஆகாசக் கருடனின் கொடி இப்போது நீண்டு, தகரத்தின் விளிம்பைத் தாண்டித் தெருப்பக்கம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. ஆராயி அம்மா தெரு நடுவில் போய் நின்று போனை நிமிர்த்தினார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது.

"முன்னால வா மணி. இன்னும். நெழல்லேர்ந்து வெளிய வா."

மணிவேல் ஒரு படி இறங்கினார். வெளிச்சம் முகத்தில் அடிக்கும் முன்பே கண் கூசியது. கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு இன்னொரு படி இறங்கினார்.

"மணிண்ணா!" உள்ளேயிருந்து பாலாஜியின் குரல். "மாப்பிள்ள வீட்ல வந்திருக்காங்க, கரெக்‌ஷன் பாக்கணுமாம்!"

"தோ வந்துட்டேன்," என்று திரும்பினார் மணிவேல். அந்த நேரத்தில்தான் ஆராயி அம்மா படத்தை எடுத்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். தலை, தோள், சட்டை எல்லாம் தகரத்தின் நிழலில். வெயில் பட்டது வலது கால் செருப்பின் முனையில் மட்டும். அந்த முனைக்கு மட்டும் காலடியில் ஒரு கட்டை விரல் அளவு நிழல் விழுந்திருந்தது, கருப்பாக, கத்தியால் வெட்டினது போல். ஆராயி அம்மாவின் நிழலோடு அது அப்படியே பொருந்தியது. ஆனால் செருப்பை மட்டும் கொண்டுபோய் உப்புப் பாலைவனத்தில் வைக்க முடியாது.

ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பினார். சென்னை லேபில் இருந்து ஒரு பையன் போன் செய்தான். இருபது வருஷமாக மணிவேலின் ஆல்பங்களை அச்சடிக்கிற லேப் அது.

"சார், கடைசிப் பக்கத்துல முக்கா பாகம் காலியா இருக்கு. ஃபைல் ஓபன் ஆவலியா, இல்ல நீங்க எதனா சேக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கல தம்பி," என்றார் மணிவேல். "ஒரு ஆள் வர வேண்டியது. வரல. அப்டியே போட்டுடு."

போனைச் சைலண்டில் போட்டு கீபோர்டுக்கு அடியில் வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரின் ஃபைலைத் திறந்தார்.